டர்ன்டேபிளுக்கு அடியில் எதை வைப்பது? அறிகுறியைக் கொண்டு அதிர்வைத் தடுக்கும் வழிமுறை

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்கும் மேடைக்குக் கிரானைட் சிறந்ததா, மரம் சிறந்ததா, ரப்பர் சிறந்ததா என்ற கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல இயலாது. எந்த அதிர்வு, எந்த வழியாக, ஏறத்தாழ எந்த அதிர்வெண்ணில் ஊசியை வந்தடைகிறது என்பது தெரிந்த பிறகே பொருளைப் பற்றிப் பேச முடியும். ஓர் அறையில் ஸ்பீக்கரின் அலறலை அடக்கிய அதே ரப்பர் பேட், இன்னோர் அறையில் காலடி அதிர்வைக் கூட்டிவிடுவது வழக்கமாக நடப்பதுதான்; இரண்டு இடத்திலும் ரப்பர் தன் இயல்புப்படியே நடந்துகொள்கிறது, தவறு தேர்வில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறை பொருள்களின் பெயரிலிருந்து தொடங்காமல், காதுக்கும் கண்ணுக்கும் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது.

இசைத்தட்டின் பள்ளத்தில் பதிந்திருக்கும் மிக நுண்ணிய ஒலி அசைவுகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. ஊசியோ தனக்கும் பள்ளத்துக்கும் இடையிலான அசைவை மட்டுமே அறியும். அந்த அசைவு இசையிலிருந்து வந்ததா, தரையிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. இதற்கு மேல், ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் பதிவு நியமத்தின்படி இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகள் குறைத்துப் பதியப்படுகின்றன. ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் அவற்றை மீண்டும் உயர்த்துகிறது. 1,000 ஹெர்ட்ஸை ஒப்பிட 20 ஹெர்ட்ஸில் இந்த உயர்வு சுமார் 19 டெசிபெல், அதாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு மின்னழுத்தம். இசையோடு சேர்ந்து தரையின் அதிர்வும் அதே உயர்வைப் பெறுகிறது. மேடையின் மீது இவ்வளவு கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனையில் ஊசியை உயர்த்தி, டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, அதன் தாங்கியில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவை மெதுவாகக் கூட்ட வேண்டும். அப்போதும் ஹம் ஒலி கேட்டால் அது மின்சாரத்தால் வருவது. எர்த் கம்பி சரியாக இணைந்திருக்கிறதா, சிக்னல் கேபிள் மின்கம்பியோடு ஒட்டிச் செல்கிறதா, ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர், ஊசியின் அசைவை மின்சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜுக்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டோன்ஆர்மைக் கையால் தட்டின் மேலே கொண்டு செல்லும்போது ஹம் கூடிக் குறைந்தால், அருகிலுள்ள மோட்டார் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைக் கார்ட்ரிட்ஜ் ஏற்கிறது என்று பொருள். இத்தகைய கோளாறை எந்த மேடையும் தீர்க்காது என்பதால், அந்த நிலையில் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது சோதனைதான் உண்மையில் பலவற்றைச் சொல்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு, கீறல் விழுந்தாலும் வருந்தாத ஒரு பழைய இசைத்தட்டின் நடுப்பகுதியில் ஊசியை இறக்கி, ஒலியளவை வழக்கமாகக் கேட்கும் அளவில் பாதிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கு ஆபத்து. பிறகு விரல் மூட்டால், அடக்கமாக, முதலில் டர்ன்டேபிள் நிற்கும் அலமாரியின் காலில், அடுத்து அலமாரிப் பலகையில், அடுத்து மேடையில், கடைசியாக டர்ன்டேபிளின் பெட்டியில் தட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்கும் ஒலியின் அளவை மட்டும் கவனித்தால் போதாது, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘தொப்’ என்று ஒரு முறை கேட்டு உடனே அடங்கினால் அந்தப் பாகத்தில் தணிப்பு, அதாவது அதிர்வை விரைவில் அடக்கும் தன்மை, போதுமானது. ‘டங்ங்’ என்று இழுத்தால் அந்தப் பாகமே ஒத்ததிர்கிறது, அதாவது தட்டலைப் பெருக்கிக் கூடவே அதிர்கிறது. அலமாரியின் காலில் தட்டியது பெட்டியில் தட்டியதற்கு நிகராகக் கேட்டால், இடையில் இருக்கும் எதுவும் அதிர்வைத் தடுக்கவில்லை. கேட்டதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. மேடையை மாற்றிய பின் அதே ஒலியளவில், அதே இடங்களில் தட்டி ஒப்பிடுவதற்கு நினைவை மட்டும் நம்ப முடியாது.

செல்பேசியில் உள்ள, அசைவை உணரும் முடுக்கமானியைக் கொண்டு அதிர்வெண் வரைபடம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. செல்பேசியை மேடையின் மீது வைத்துத் தரையில் மிதித்துப் பார்த்தால், 5 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையில் எந்த இடத்தில் முகடு எழுகிறது என்பது ஓரளவு தெரியும். நுண்ணிய அளவீட்டுக்கு இது உதவாது. காலடியா, ஸ்பீக்கரா என்று பிரித்தறியப் போதும்.

பொருளின் பெயரைவிட அது அமுங்கும் அளவே முக்கியம்

மென்மையான எந்தத் தாங்கியும், அது ஸ்பிரிங்காக இருந்தாலும் ரப்பராக இருந்தாலும், தன் மீதுள்ள எடையோடு சேர்ந்து ஓர் இயல் அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண்ணை, பெறுகிறது. எடையை ஏற்றியதும் தாங்கி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். 1 மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் 8, 10 மி.மீ. அமுங்கினால் 5, 3 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால் ஏறத்தாழ 28 மி.மீ. அமுங்கியாக வேண்டும். ஸ்பிரிங்குக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். ரப்பர் வகைகள் நிலையான எடையின் கீழ் காட்டும் விறைப்பைவிட அதிர்வின் கீழ் கூடுதல் விறைப்பைக் காட்டுவதால், அவற்றின் உண்மையான அதிர்வெண் கணக்கில் வருவதைவிட அதிகமாகவே இருக்கும்.

இதில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. தாங்கியானது தன் இயல் அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலான அதிர்வுகளை மட்டுமே குறைக்கும். அதற்குக் கீழே அது எதையும் தடுப்பதில்லை. இயல் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியிலோ வரும் அதிர்வைப் பெருக்கி மேலே அனுப்புகிறது. தணிப்பு அதிகமுள்ள பொருளில் இந்தப் பெருக்கம் குறையும், ஆனால் அதற்கு விலையாக உயர்ந்த அதிர்வெண்களில் தடுப்பும் சற்றுக் குறையும். கடையில் ஒரு பொருளைக் கையால் அழுத்திப் பார்த்து ‘நன்றாக மெத்தென்று இருக்கிறது’ என்று முடிவு செய்வது இதனால்தான் பயனற்றது. உங்கள் டர்ன்டேபிளின் எடையில் அது எவ்வளவு அமுங்கும் என்பதே கேள்வி.

அறிகுறி: யாராவது நடந்தால் ஊசி துள்ளுகிறது, அல்லது வூஃபர் ‘தும்’ என்று அதிர்கிறது

மேடைகளை வாங்கிக் குவித்தும் தீராத கோளாறு பெரும்பாலும் இதுதான். மனிதர் நடக்கும்போது விநாடிக்குச் சுமார் இரண்டு அடிகள் விழுகின்றன. ஊசி துள்ளுவதற்கு அந்த 2 ஹெர்ட்ஸ் நேரடிக் காரணம் அல்ல. ஒவ்வோர் அடியும் ஒரு மோதல் என்பதால் அதில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் தரையின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போவது தரையில் பெருகுகிறது. டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பெறும் ஒத்ததிர்வோடு ஒத்துப்போவது ஆர்மில் பெருகுகிறது. நல்ல பொருத்தம் உள்ள ஆர்மில் இந்த ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆகவே காலடிக்கு எதிராக நாம் தடுக்க வேண்டிய முக்கியப் பகுதி 10 ஹெர்ட்ஸை ஒட்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தணிப்பு மிகக் குறைவாக உள்ள தாங்கி என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. அமுங்கும் பேட் 10 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சுமார் 1.6 மடங்காக்கி மேலே அனுப்பும். 4 மி.மீ. அமுங்கும் தாங்கி அதை ஏறத்தாழ 1.8 மடங்காக்கும். 10 மி.மீ. அமுங்கினால் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், 28 மி.மீ. அமுங்கினால் பத்தில் ஒரு பங்கு. மெல்லிய கார்க் தாளையோ ஃபெல்ட் துணியையோ பலகைக்கு அடியில் ஒட்டிவிட்டுக் காலடித் தொல்லை ஏன் போகவில்லை என்று வியப்பவர்களுக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. அத்தகைய தாள் கால் மில்லிமீட்டர்கூட அமுங்குவதில்லை. 10 ஹெர்ட்ஸைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம்.

தரை வளைந்து கொடுக்கும் மரத்தரையாக இருந்தால், முதல் வேலையாக டர்ன்டேபிளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அறையின் நடுவில் தரை மிக அதிகமாக அசையும். சுவரோரத்தில், அதுவும் உத்திரங்கள் சுவரில் ஊன்றும் பக்கத்தில், மிகக் குறைவாக அசையும். இதற்குச் செலவே இல்லை என்பதால்தானோ என்னவோ பலர் இதை முயல்வதில்லை. அதற்கடுத்த சிறந்த தீர்வு சுவரில் பொருத்தும் தாங்கி. எடை தாங்கும் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் பொருத்திய உறுதியான தாங்கி, தரையின் அசைவைப் பாதையிலிருந்தே விலக்கிவிடுகிறது. அதன் மீது வைக்கும் பலகை எந்தப் பொருளால் ஆனது என்பது அதன் பிறகு சிறிய விஷயமாகிவிடும். அறையைப் பிரிக்கும் மெல்லிய தடுப்புச் சுவரில் பொருத்தினால் பலன் தலைகீழாகும்: காலடி குறையும், ஸ்பீக்கரின் அதிர்வு கூடும்.

சுவர்த் தாங்கி இயலாத இடத்தில், கனமான பலகையும் அதன் கீழே மென்மையான ஸ்பிரிங்குகளும் சேர்ந்த அமைப்பே பலன் தரும். கனம் ஏன் வேண்டும் என்றால், ஸ்பிரிங் போதிய அளவு அமுங்குவதற்கும், மேலே உள்ளது ஆடாமல் நிற்பதற்கும்தான். தரையில் நேராக வைத்த கனத்துக்கு இந்தப் பணி இல்லை. 50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 3 செ.மீ. தடிமனும் உள்ள கிரானைட் பலகை ஏறத்தாழ 16 கிலோ எடை இருக்கும். அதன் மீது 8 கிலோ டர்ன்டேபிளை வைத்தால் மொத்தம் 24 கிலோ. நான்கு ஸ்பிரிங்குகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 கிலோ. 10 மி.மீ. அமுங்க வேண்டுமானால், ஒரு மில்லிமீட்டருக்கு 600 கிராம் என்ற விறைப்புள்ள ஸ்பிரிங் தேவை. ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அது முழுவதும் அமுங்கி வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி, அமுங்கும் அளவைப் போல் இரு மடங்காவது இடம் மீதமிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்குக்குத் தானாகத் தணிப்பு மிகக் குறைவு. உள்ளே மென்மையான பஞ்சுரப்பர்த் துண்டைத் தளர்வாகச் செருகினால் நீண்ட நேரம் ஊசலாடுவது நிற்கும். இறுக்கி அடைத்தால் ஸ்பிரிங் வேலை செய்யாது.

மிதிவண்டி டியூபைக் குறைந்த காற்றோடு பலகைக்கு அடியில் வைக்கும் பழைய உபாயமும் இதே கணக்கில் அடங்கியதுதான். பலகை மிதக்கும் அளவுக்கு மட்டும் காற்று இருந்தால் அதிர்வெண் சில ஹெர்ட்ஸுக்கு இறங்கும். காற்றை நிறைத்து விறைப்பாக்கினால் பலன் போய்விடும். வாரக்கணக்கில் காற்று கசிந்து மட்டம் மாறுவது இதன் தீராத குறை.

அலமாரியின் அடியில் கூர்முனை ஸ்பைக்குகளைப் பொருத்தச் சொல்லும் அறிவுரையும் பரவலாக உண்டு. ஸ்பைக் அதிர்வைத் தடுப்பதில்லை. அலமாரியைத் தரையோடு இறுகப் பிணைக்கிறது. கான்கிரீட் தளத்தில் அலமாரி தள்ளாடாமல் நிற்க அது உதவும். அசையும் மரத்தரையில் அது அதிர்வுக்கு நல்ல பாதை போட்டுக் கொடுப்பதாகவே முடியும்.

அறிகுறி: ஒலியளவைக் கூட்டினால் தாழ்ந்த ஒலி பொங்குகிறது, மேலும் கூட்டினால் அலறுகிறது

ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய அதிர்வு ஊசியை அடைந்து, மீண்டும் பெருகி ஸ்பீக்கருக்கே வருவதால் இது நேர்கிறது. அலறல் வரும் அளவுக்குப் போகாமல், தாழ்ந்த ஒலிகள் குழம்பித் தடித்துக் கேட்பதும் இதே கோளாறின் மென்மையான வடிவம். உறுதிசெய்ய எளிய வழி ஹெட்ஃபோன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அதே பகுதியை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும்; குழப்பம் மறைந்து பாஸ் ஒலி தெளிவானால், ஸ்பீக்கருக்கும் ஊசிக்கும் இடையிலான இந்தச் சுழற்சி உறுதி. அங்கும் அப்படியே இருந்தால் பதிவிலோ கார்ட்ரிட்ஜிலோ தேட வேண்டும். அறையே சில தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கிக் காட்டுவதும் உண்டு என்பதால், அதே இசையை இசைத்தட்டு அல்லாத வேறொரு மூலத்திலிருந்து ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்தும் ஒப்பிட வேண்டும். அதிலும் பொங்கினால் பழி அறையின் மீது.

சுழற்சி உறுதியானால், அது திடப்பொருள் வழியாக வருகிறதா, காற்று வழியாக வருகிறதா என்று பிரிக்க வேண்டும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே அலமாரியில் இருந்தால் ஆராய்ச்சி தேவையில்லை. பிரித்து வைப்பதே மருந்து. இரண்டும் தனித்தனியே இருந்தும் தொல்லை தொடர்ந்தால், டர்ன்டேபிளுக்கு அடியில் தற்காலிகமாகத் தடித்த பஞ்சுரப்பர்த் துண்டுகளை வைத்துப் பார்க்கலாம். அலறல் தொடங்கும் ஒலியளவு தெளிவாக உயர்ந்தால் பாதை திடப்பொருள் வழியானது. இந்த இடத்தில்தான் ரப்பரும், ரப்பர் போன்ற தணிப்புப் பொருளான சோர்போத்தேனும் தம் பெருமையைக் காட்டுகின்றன. 1 மி.மீ. அமுங்கி 16 ஹெர்ட்ஸில் நிற்கும் பேட், காலடிக்குக் கேடு செய்தாலும், 60 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்குக் குறைக்க வல்லது. ஸ்பீக்கர் சுழற்சி பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் நடக்கிறது.

பஞ்சுரப்பரால் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பாதை காற்று. ஒலியழுத்தம் டர்ன்டேபிளின் பெட்டியையும் மூடியையும் இசைத்தட்டையும் நேராகவே அசைக்கிறது. அதற்கு எந்த மேடையும் தடை இல்லை. தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் அறையின் மூலைகளில் உச்சத்தில் இருக்கும் என்பதால், மூலையில் உள்ள டர்ன்டேபிளை அரை மீட்டர் நகர்த்தினாலே மாற்றம் தெரியக்கூடும். அகன்று மெல்லிய பிளாஸ்டிக் மூடி காற்றின் அழுத்தத்தைப் பாய்மரம்போல் வாங்கிப் பெட்டிக்குக் கடத்துகிறது. அதைத் திறந்து வைத்து, மூடி வைத்து, முழுவதும் கழற்றி என மூன்று நிலையிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். கழற்றிய நிலை பெரும்பாலும் வெல்கிறது.

நல்ல தாங்கி வைத்தும் பலன் பாதியாகவே இருந்தால், பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். விறைப்பான, தடித்த சிக்னல் கேபிளோ மின்கம்பியோ சுவரிலிருந்து நேராக இழுபட்டு நின்றால், மிதக்கும் மேடையைச் சுற்றிக்கொண்டு அதிர்வு அதன் வழியாக உள்ளே வரும். கேபிளைத் தளர்வான வளைவாகத் தொங்கவிட வேண்டும். மேடையின் விளிம்பு சுவரையோ பக்கத்துப் பொருளையோ ஒரு முனையில் தொட்டாலும் இதே விளைவுதான்.

அறிகுறி: இசை இல்லாதபோதும் வூஃபர் கூம்பு முன்னும் பின்னும் பெரிதாக அசைகிறது

காதுக்கு எதுவும் கேட்காமல் கூம்பு மட்டும் மூச்சு வாங்குவதுபோல் அசைந்தால், பெரும்பாலும் வளைந்த இசைத்தட்டே காரணம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு மேடு என்றால் 0.56 ஹெர்ட்ஸ்; ஒரே சுற்றில் பல சிறு மேடுகள் இருந்தால் சில ஹெர்ட்ஸ் வரை போகும். இசைத்தட்டை மாற்றினால் அசைவும் மாறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லா இசைத்தட்டுகளிலும் அசைவு இருந்தால் ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் உள்ள பொருத்தத்தைக் கணக்கிட வேண்டும். ஆர்மின் செயலுறு நிறை (ஊசி உணரும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகியவற்றைக் கிராமில் கூட்டி, அதை ஊசியின் இணக்க எண்ணால் (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்) பெருக்கி, வரும் விடையின் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் ஒத்ததிர்வு கிடைக்கும். மொத்தம் 17 கிராமும் இணக்க எண் 15-ம் என்றால் 10 ஹெர்ட்ஸ், சரியான இடம். இது 7-க்குக் கீழே இறங்கினால் இசைத்தட்டின் வளைவையும் காலடியையும் ஆர்ம் பெருக்கிக்கொண்டே இருக்கும். சில உற்பத்தியாளர்கள் இணக்க எண்ணை 10 ஹெர்ட்ஸிலும் சிலர் 100 ஹெர்ட்ஸிலும் அளந்து தருகிறார்கள். 100 ஹெர்ட்ஸில் அளந்த எண் சிறியதாகத் தெரியும் என்பதால் அதை அப்படியே இக்கணக்கில் இடக் கூடாது.

இங்கே மேடையை மாற்றுவது வீண். எடை குறைந்த கார்ட்ரிட்ஜ், அல்லது ஃபோனோ ஆம்ப்ளிஃபையரில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, இவையே தீர்வு.

அறிகுறி: இசைத்தட்டு சுழலும்போது மட்டும் இடைவிடாத உறுமல்

நிற்கும் இசைத்தட்டில் ஊசியை வைத்தால் அமைதி, சுழன்றால் உறுமல் என்றால், மோட்டாரையோ சுழல்தட்டின் அச்சையோ சந்தேகிக்க வேண்டும். வேறு சில இசைத்தட்டுகளின் தொடக்கப் பள்ளத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அது அந்தத் தட்டை வெட்டும்போதே பதிந்த உறுமல். எல்லாவற்றிலும் இருந்தால் அச்சுக்கு எண்ணெய், பெல்ட்டின் நிலை, மோட்டாரின் ரப்பர் இருக்கைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதிர்வு டர்ன்டேபிளுக்கு உள்ளேயே பிறக்கிறது. கீழே எதை வைத்தாலும் அது உள்ளேதான் இருக்கும்.

அறிகுறி: புதிய மேடை வைத்த பிறகு ஒலி கூர்மையாகிவிட்டது, அல்லது ஒரு சுரம் மட்டும் தூக்கலாகக் கேட்கிறது

கிரானைட், பளிங்கு, கண்ணாடி மூன்றும் விறைப்பில் சிறந்தவை, தணிப்பில் மோசமானவை. பலகையை இரண்டு கட்டைகளின் மீது ஏற்றி வைத்து நடுவில் தட்டினால் அது மணிபோல் ஒலிப்பதைக் கேட்கலாம். அதே பலகையைத் தணிப்புள்ள பரப்பின் மீது முழுவதும் படிய வைத்தால் ஒலி செத்துவிடும். எனவே கல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அடிப்பரப்பில் தடித்த பிட்டுமன் (தார் போன்ற பொருள்) தாளையோ ரப்பர் கலந்த கார்க்கையோ ஒட்டி, அதன் மேல் ஒட்டுப்பலகை ஒன்றையும் ஒட்டினால், இரு விறைப்பான அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய மென்மையான அடுக்கு, பலகை வளைய முயலும் ஒவ்வொரு முறையும் சறுக்குவிசைக்கு உட்பட்டு அதிர்வை வெப்பமாக்கிவிடும். விலை உயர்ந்த மேடைகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதே அமைப்புதான்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அதே அளவில் கிரானைட்டின் எடையில் கால் பங்கை ஒட்டியே இருக்கும். ஆனால் அதன் உட்தணிப்பு கல்லைவிட நல்லது, வெட்டுவதும் எளிது. பல அடுக்கு பிர்ச் ஒட்டுப்பலகை அதைவிட விறைப்பானது. தடித்த மேப்பிள் மரக்கட்டைக்குத் தனிப் புகழ் இருக்கிறது. அது நல்ல பொருள்தான், ஆனால் அதே தடிமனும் எடையும் கொண்ட மற்ற கடின மரங்களிலிருந்து அதை ஒரு தனி இனமாகப் பிரித்துப் பேசுவதற்கு நான் காரணம் காணவில்லை. உலர்ந்த மணல் நிரப்பிய ஆழமற்ற பெட்டியில் ஒரு பலகையை மிதக்க விடுவது தணிப்பில் மிகச் சிறந்தது. மணல் படிந்து மட்டம் மாறும், தூசியும் பறக்கும் என்பதால் அதை நன்றாக மூட வேண்டும்.

அறிகுறி: மென்மையான பேட்களின் மீது டர்ன்டேபிள் ஒரு பக்கம் சாய்கிறது, ஆடுகிறது, சுருதி நடுங்குகிறது

டர்ன்டேபிளின் எடை நான்கு பாதங்களிலும் சமமாக இருப்பதில்லை. அச்சும் மோட்டாரும் ஆர்மும் ஒரு பக்கமாகக் குவிந்திருப்பதால் ஒரு பாதம் மற்றொன்றைப் போல் இரு மடங்கு எடையைத் தாங்கக்கூடும். ஒரே அளவிலான நான்கு பேட்களை வைத்தால் கனமான பக்கம் அதிகம் அமுங்கும். சமையலறைத் தராசை ஒரு பாதத்தின் கீழும், அதே உயரமுள்ள கட்டைகளை மற்ற பாதங்களின் கீழும் வைத்து ஒவ்வொன்றாக எடை பார்த்து, அதற்கேற்பப் பேட்டின் பரப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சோர்போத்தேன் வாங்கும்போது தடிமனில் 10 முதல் 20 விழுக்காடு வரை அமுங்கும்படி தேர்ந்தெடுப்பதே முறை. அது, மென்மையான பொருள்களின் கடினத்தை அளக்கும் ஷோர் 00 அளவையில் 30, 50, 70 என்ற கடினங்களில் கிடைக்கிறது. எடை குறைவான டர்ன்டேபிளுக்கு 70 கடினத்தை வாங்கினால் அது வெறும் கட்டை. கனமானதற்கு 30-ஐ வாங்கினால் பிதுங்கிப் பரந்து விறைத்துவிடும்.

கனமான மேடையின் மீது டர்ன்டேபிளை வைத்து, மேடைக்கு அடியில் பேட்களை ஓரங்களுக்குத் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போகும். எடையின் மையம் தாழ்வாகவும் தாங்கிகள் அகலமாகவும் இருக்கும்போது ஆட்டம் குறைகிறது. ரசமட்டத்தைப் பெட்டியின் மீது வைக்காமல் சுழல்தட்டின் மீதே வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஸ்பிரிங் தொங்கமைப்பு உள்ள டர்ன்டேபிள் புதிய மேடையில் மேலும் மோசமாகிறது

எட்கர் வில்ச்சூர் 1961-இல் ஏ.ஆர். (அகூஸ்டிக் ரிசர்ச்) நிறுவனத்துக்காக வெளியிட்ட டர்ன்டேபிளில், சுழல்தட்டும் ஆர்மும் ஒரே உட்சட்டத்தில் ஸ்பிரிங்குகளின் மீது மிதந்தன. மோட்டார் மட்டும் வெளிச்சட்டத்தில் நின்றது. 1972-இல் வந்த லின் எல்.பி.12 உள்ளிட்ட பலவும் இந்த வழியைப் பின்பற்றியவை. இவற்றின் ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே சில ஹெர்ட்ஸில் இயங்குவதால், அடியில் இன்னொரு மென்மையான மேடையை வைத்தால் இரண்டு ஊசல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றின் ஆட்டம் மற்றொன்றைத் தூண்டுகிறது. இத்தகைய டர்ன்டேபிளுக்கு எடை குறைந்த, விறைப்பான பலகையே ஏற்றது. விறைப்பும் இலேசும் சேர்ந்தால் பலகையின் சொந்த அதிர்வெண் உயர்ந்து, ஸ்பிரிங்குகள் எளிதில் தடுக்கும் பகுதிக்குள் போய்விடும். தேன்கூட்டு அமைப்புள்ள பலகையோ மெல்லிய ஒட்டுப்பலகையோ சுவர்த் தாங்கியின் மீது வைத்தால் போதும். கிரானைட்டை இங்கே தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: சில மாதங்கள் நன்றாக இருந்து, பழைய தொல்லை திரும்புகிறது

பஞ்சுரப்பர் சில வாரங்களிலேயே தன் உயரத்தை இழந்து, அமுங்கிய நிலையிலேயே நின்றுவிடும். அதன் பிறகு அது மென்மையான தாங்கி அல்ல. இயற்கை ரப்பரும் சோர்போத்தேனும் மெதுவாக, ஆனால் உறுதியாக, சிறிது தாழும். குளிர்ந்த அறையில் இவை எல்லாமே விறைக்கும் என்பதால், வெப்பமான நாளில் தேர்ந்தெடுத்த பேட் குளிரில் வேறு விதமாக நடந்துகொள்ளும். வைத்த முதல் நாளில் மேடைக்கும் அலமாரிக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலைகளிலும் அளந்து, மேடையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தால், தொல்லை திரும்பும்போது எந்த மூலை தாழ்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். சோர்போத்தேன் போன்றவை மரத்தின் மெருகில் எண்ணெய்க் கறையைப் பதிக்கக்கூடும். பேட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகட்டையோ கண்ணாடித் துண்டையோ வைக்க வேண்டும். தாழ்ந்த பேட்டை மட்டும் மாற்றாமல் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் அமுங்கும் அளவு மூலைக்கு மூலை வேறுபட்டு, மட்டம் மறுபடியும் கெடும்.